கிரீம் சோடா போத்தலில் மிதந்தவை

2004ஆம் ஆண்டு, மாசி மாதம். இரத்தினபுரி டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை அறைகளில் கடைசிக் காம்பராவில் குடியிருந்தோம். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகளுக்கு மூன்றரை வயது. நான் உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் நின்றவள். தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் வேலை கிடைத்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் அதிகம். தண்ணீர் கொதித்த பிறகும் மணிக்கூட்டைப் பார்த்து இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுவேன். ஆறவைத்து, துணியில் வடிகட்டி, பிறகு அந்தத் துணி சுத்தம்தானா என்று சந்தேகம் வந்து மறுபடி கொதிக்கவைப்பேன். லயத்தில் எனக்கு "கொதித்தாறிய டீச்சர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தது பக்கத்துக் காம்பரா அக்கா. அவரே அதை என்னிடம் வந்து சொன்னார். மகளுக்குக் கடைப் பலகாரம் இல்லை, சிரப் இல்லை, பொலித்தீன் பையில் சாயத் தண்ணீரை உறையவைத்து விற்கும் ஐஸ் பக்கட் இல்லவே இல்லை. அந்த ஐஸ் பக்கட்டுக்கு எந்தக் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார்களோ என்பது என் கவலைகளில் ஒன்று.

அந்த மாதம் எட்டாம் ஆண்டு வகுப்புக்கு நீரில் மிதக்கும் உயிர்களைப் பற்றிய பாடம். பாடப் புத்தகத்தில் பிளாந்தன் என்று இருக்கும். வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் ஒருவர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து என் வகுப்பைப் பார்ப்பார் என்று அதிபர் சொல்லிவிட்டார். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததில்லை. படத்தை மட்டும் காட்டினால் போதுமா? உயிரோடு காட்டினால்தானே மனதில் நிற்கும்? ஆனால் கொண்டுபோகும் வழியில் செத்துவிட்டால்? இப்படி மூன்று நாள் யோசித்தேன்.

தோட்டத்து எல்லையில் ஓடைக்கு அந்தப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டிக் கைவிட்ட குழி ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் நிரம்பிப் பச்சையாகக் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், கரையில் குந்தி, ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துவந்தேன். தேயிலைக்குப் போடும் உரத்தில் ஒரு சிட்டிகை அதில் போட்டு ஜன்னலில் வெயில் படும்படி வைத்தேன். பத்து நாளில் தண்ணீர் நல்ல பச்சையாகிவிட்டது. அந்தப் பச்சை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத தாவரப் பிளாந்தன். அதைத் தின்று வளரும் விலங்குப் பிளாந்தனும் இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளித் துள்ளி ஏறி இறங்கின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் எடுத்த போத்தல்தான் தவறு. வீட்டில் மூடி இறுக்கமாக இருந்தது அது ஒன்றுதான். கிரீம் சோடா போத்தல். நம் நாட்டில் கிரீம் சோடாவும் அதே பச்சை நிறம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆபத்து எனக்குத் தெரியாமல் இல்லை. முதலில் "விஷம்" என்று ஒரு துண்டு எழுதி ஒட்டினேன். இது விஷமில்லையே, ஆசிரியையாக இருந்துகொண்டு பொய் எழுதலாமா என்று தோன்றியது. கிழித்துவிட்டு "குடிக்க வேண்டாம்" என்று எழுதினேன். அதில் மிரட்டல் தொனி இருப்பதாகப்பட்டது. "பிளாந்தன்" என்று மட்டும் எழுதினேன். அது பசையில் நனைந்து சுருங்கி விழுந்தது. எப்படியும் மகளுக்கு வாசிக்கத் தெரியாது, கணவர்தான் எதையும் கேட்காமல் தொடமாட்டாரே என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலையில் வெயில் கடுமையாக இருந்தது. சூடேறினால் அவை செத்துவிடும் என்ற பயத்தில் பாடசாலைக்குப் போகுமுன் போத்தலை எடுத்து, குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக வைத்துவிட்டுப் போனேன்.

அன்று கணவருக்குக் காலை முறை வேலை. வேலை முடிந்ததும், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலிருந்து மகளை அவர்தான் கூட்டிவருவார். நான் இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மகள் வாசல்படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். உதடு பச்சை. நாக்கை நீட்டினாள். நாக்கும் பச்சை.

உள்ளே ஓடினேன். பானைக்குப் பக்கத்தில் போத்தல் நின்றது. பாதி காலி.

"பாப்பா, பச்சைத் தண்ணி குடிச்சியா?"

தலையாட்டினாள்.

"எவ்வளவு குடிச்ச?"

"முழுசா."

"ஐயோ! கசக்கலயா?"

"இனிச்சிச்சு. இன்னும் வேணும்."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தார். பின்பக்கமிருந்து கணவரும் வந்தார். வேலை முடிந்து வந்த மனிதர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்போல, முகமெல்லாம் ஈரம். போத்தலைப் பார்த்தார். மகளின் நாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அது வந்து..."

"இப்ப ஒண்ணும் பேசாதீங்க. மொதல்ல த்ரீவீலக் கூப்பிடுங்க."

"இல்ல, ஒரு நிமிசம்..."

"ஒரு நிமிசம்கூடக் கெடையாது!"

அவர் போனார். அக்கா மகளைத் தூக்கி மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினார். மகளுக்கு அது விளையாட்டு. கலகலவென்று சிரித்தாள்.

"டீச்சர், அந்தப் போத்தல எடுத்து வைங்க. பூச்சி மருந்து குடிச்சவங்கள கொண்டு போனா டாக்டர் மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

"இது மருந்தில்லக்கா. பிளாந்தன்."

"எந்தக் கருமமா இருந்தாலும் கொண்டு போங்க. அதுல என்னா துள்ளுது?"

"அதுதான் அது."

அக்கா போத்தலை என்னிடமே நீட்டிவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "நாள் முச்சூடும் தண்ணியக் கொதிக்க வைக்கிறீங்க. பூச்சிய மட்டும் போத்தல்ல வளக்கிறீங்க. நல்ல படிப்பு." அந்த நிலைமையிலும் அது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரி பகல் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது. நேரே டவுன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். மகள் என் மடியில், போத்தல் என் கையில், கணவர் ஓரத்தில். மகளுக்கு த்ரீவீல் என்றால் உயிர். வளைவுக்கு வளைவு "இன்னும் வேகமா" என்று கத்திக்கொண்டு வந்தாள். குழந்தை மயங்கவில்லையே என்று எனக்கு ஆறுதல் வரவேண்டும். வரவில்லை. அளவுக்கு மீறிய உற்சாகமும் ஒரு அறிகுறியாக இருக்குமோ என்று பயந்தேன்.

வழியெல்லாம் படித்ததை ஞாபகப்படுத்திச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அல்கா என்ற பாசியில் பச்சை அல்கா என்றால் பெரிய பாதிப்பில்லை. நீலப்பச்சை அல்கா என்றால் சிலவற்றில் நஞ்சு உண்டு, ஈரலைத் தாக்கும். குழித் தண்ணீரில் எது இருந்ததோ தெரியாது. அதோடு உரம் வேறு. உரத்தை என் கையாலேயே போட்டேனே!

கணவர் மெதுவாகக் கேட்டார். "ஈரலத் தாக்குமா?"

"தாக்கும்."

"எவ்வளவு நேரத்துல?"

"எனக்கென்ன தெரியும்?"

கொஞ்சம் தூரம் போனதும் மறுபடியும் கேட்டார். "அது சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டுமா? பெரியாளுங்க குடிச்சாலும் அப்பிடித்தானா?"

"பிள்ள இப்பிடிக் கெடக்குது. இப்ப அதுவா முக்கியம்?"

அவர் வெளியே பார்க்கத் தொடங்கினார். நெற்றியில் வியர்வை. மகள் மேல் எவ்வளவு பாசம், வாய்விட்டு அழக்கூடத் தெரியாத மனிதர் என்று அவருக்காகவும் சேர்த்து நான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். சிங்களவர். நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன், ஆனால் பிளாந்தனுக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று தெரியாது. தண்ணீரில் மிதக்கும் உயிர்களைக் குழந்தை குடித்துவிட்டது என்றேன். மீன் குஞ்சா என்று கேட்டார். இல்லை, அதைவிடச் சின்னது, ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாதது, தண்ணீர் போகிற போக்கில் போவது என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. "பிளாங்டனா? அனே! பரீட்சை எழுதின பிறகு இன்றைக்குத்தான் இந்தச் சொல்லைக் கேட்கிறேன்" என்றார்.

போத்தலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மாணிக்கக்கல் ஊரான இரத்தினபுரியில் ஒருவர் எதையாவது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் சும்மா விடமாட்டார்கள். பக்கத்துப் பெஞ்சில் கைக்கட்டோடு இருந்த மாணிக்க வியாபாரி ஒருவர் எழுந்து வந்துவிட்டார். முஸ்லிம் பெரியவர், நல்ல தமிழ். சட்டைப் பையிலிருந்து கல் பார்க்கும் சின்ன லென்ஸை எடுத்து நீட்டினார்.

"இதால பாருங்க டாக்டர். கல்லுக்குள்ள இருக்கிற மயிரிழ வெடிப்பே தெரியும்."

டாக்டர் பார்த்தார். பிறகு வியாபாரி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"யா அல்லாஹ். கண்ணாடி மாதிரி ஒடம்பு. உள்ளுக்கு என்னமோ துடிக்குது தங்கச்சி."

"அது இதயம்" என்றேன்.

"இவ்வளவு சின்னதுக்கு இதயமா?" என்று மறுபடி குனிந்தார்.

நான் அழுவதை விட்டுவிட்டு, அது நீர்த்தெள்ளு, விலங்குப் பிளாந்தன், சுற்றியுள்ள பச்சைதான் அதன் சாப்பாடு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நடுவில் மகள் ஞாபகம் வந்து மறுபடி அழுதேன்.

டாக்டர் மகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். பிளாங்டன் குடித்தால் நாக்கு இவ்வளவு பச்சையாகுமா என்று முணுமுணுத்தார். உரம் எவ்வளவு போட்டேன் என்று கேட்டார். ஒரு சிட்டிகை என்றேன். உடனே சந்தேகம் வந்து, "இரண்டாகவும் இருக்கலாம்" என்றேன். அதைக் கேட்டதும் டாக்டர் யோசித்தார். நிச்சயமாகத் தெரியாதபோது பாதுகாப்புக்காக வயிற்றைக் கழுவிவிட வேண்டியிருக்கலாம் என்று சொல்லி, தாதியிடம் தயார் செய்யச் சொன்னார்.

தாதி குழாயைக் கொண்டுவந்தார். மகள் குழாயைப் பார்த்தாள். அதுவரை ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. உதடு பிதுங்கியது. "அப்பா" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

என் கணவர் சிங்களத்தில் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளை அதைக் குடிக்கவில்லை, அது ஐஸ் பக்கட், பிள்ளைக் காம்பராவிலிருந்து வரும் வழியில் கடையில் பச்சை ஐஸ் பக்கட் வாங்கிக்கொடுத்தேன், அம்மாவிடம் சொல்லாதே என்று நான்தான் சொன்னேன், குழாயை அந்தப் பக்கம் எடுங்கள் மிஸ் என்றார்.

தாதி குழாயை இறக்கினார். மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஐஸ் பக்கட்! அந்த ஒரு நிமிடம், உலகத்து ஐஸ் பக்கட்டையெல்லாம் வாங்கிக் கொடுக்கலாம்போல இருந்தது.

டாக்டர்தான் முதலில் கணக்குப் பார்த்தார். போத்தலை மேசையில் வைத்தார். "சரி. அப்படியானால் இதில் பாதியைக் குடித்தது யார்?"

பிறகு என் கணவர், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே, வகுப்பில் விடை சொல்லக் கையுயர்த்தும் பிள்ளை மாதிரி வலது கையை மெதுவாகத் தூக்கினார்.

தாதி குழாயோடு அவர் பக்கம் திரும்பினார்.

நல்லவேளையாகக் குழாய் தேவைப்படவில்லை. டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பெரியவர் உடம்புக்கு இந்த அளவு உரம் ஒன்றும் செய்யாது, இரண்டு மணி நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் சொல்லுங்கள் என்றார். மகளுக்கு எழுதிய துண்டைக் கோடு போட்டு வெட்டிவிட்டு அவர் பெயரில் புதிதாக எழுதினார். அதில் என்ன எழுதியிருந்தது என்று வாங்கிப் பார்த்த தாதிமார் ஒவ்வொருவராக எதையோ தேடுவதுபோல வந்து இவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாணிக்க வியாபாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, ருசி எப்பிடி?"

"மீன் வாடைங்க. ஒரே மூச்சுல குடிச்சிட்டேன், பொறகுதான் தெரிஞ்சிச்சு."

"அதுவும் உசுரோட."

"ஞாபகப்படுத்தாதீங்க முதலாளி."

வியாபாரி எழுந்துபோன பிறகு நான் கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. "ஏன் வீட்டுலயே சொல்லல?"

"எங்க சொல்ல விட்ட?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, நான்தான் குடிச்சேன்னு."

"அதச் சொன்னா, அப்ப பாப்பா நாக்கு ஏன் பச்சன்னு கேப்ப. அதுக்கு ஐஸ் பக்கட்டச் சொல்லணும். ஐஸ் பக்கட்டச் சொன்னா..." முடிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். "சும்மா பாத்துட்டு அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன். பொறகு நீ ஈரலு கீரலுன்னு சொல்ல ஆரம்பிச்சியா, எனக்கும் ஆஸ்பத்திரிக்குப் போறது நல்லதுன்னு பட்டுச்சு."

"அதுல ஒரு சொட்டு குடிக்கும்போதே தெரியல?"

"பானைக்குப் பக்கத்துல குளுகுளுன்னு ஒளிச்சு வச்சிருந்த. டீச்சரம்மா எங்களுக்குத் தெரியாம கிரீம் சோடா குடிக்குதுன்னு நெனச்சேன். போத்தல்ல ஒண்ணும் எழுதியும் வைக்கல."

மூன்று துண்டு எழுதிய கதையை அவரிடம் சொன்னேன். அவர் அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெளியே வந்தது. எனக்கும் வந்தது. மகள் எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

உட்கார்ந்திருக்க வேண்டிய இரண்டு மணி நேரத்தில், தான் குடித்தது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் கணவர். சொன்னேன். பெரிது சின்னது என்பதில்லை, ஓட்டத்தை எதிர்த்துப் போக முடியாவிட்டால் அது பிளாந்தன். கடலில் குடை மாதிரி இருக்கும் சொறிமுட்டைகூட அதில் சேரும். சிலது பிறந்ததிலிருந்து சாகும்வரை மிதக்கும். நண்டு, மீன் போன்றவை குஞ்சாக இருக்கும்போது மட்டும் மிதக்கும், வளர்ந்ததும் தன்பாட்டில் போகும்.

கொஞ்சம் யோசித்தார். மடியில் தூங்கிப்போயிருந்த மகளைக் காட்டினார். "அப்ப இது ரெண்டாவது வக. வளந்தா ஒன்ன எதுத்துப் போகும்." பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இது மொத வக."

சிரிப்பாகத்தான் சொன்னார். என்னால்தான் அந்த முறை முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

நாங்கள் கிளம்பும்போது வியாபாரி என்னைக் கூப்பிட்டு வேறொரு லென்ஸைக் கையில் வைத்தார். அதில் குறுக்கே ஒரு கீறல். "கல்லு பாக்க இது சரிவராது தங்கச்சி. பூச்சி பாக்கப் போதும். ஸ்கூல் புள்ளைங்களுக்குக் காட்டுங்க."

மறுநாள் மிச்சமிருந்த பாதிப் போத்தலோடு பாடசாலைக்குப் போனேன். முப்பத்திரண்டு பிள்ளைகளும் வரிசையில் நின்று, கீறல் விழுந்த அந்த லென்ஸ் வழியாக நீர்த்தெள்ளின் இதயம் துடிப்பதைப் பார்த்தார்கள். பாடம் முடிந்து மணியடித்த பிறகுதான் ஆலோசகர் வந்தார். பாடக்குறிப்புப் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒரு பிள்ளை கேட்டாள், "டீச்சர், இதக் குடிச்சா என்ன ஆகும்?" அந்தக் கேள்விக்கு அவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லக்கூடிய ஆசிரியை அந்த மாகாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

இப்போது மகள் வளர்ந்துவிட்டாள். அவள் அப்பா சொன்னது போல என்னை எதிர்த்தும் போகிறாள். தண்ணீரை நான் இன்னும் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் குழித் தண்ணீரைக் குடித்த ஒரு மனிதர், தன் ஈரலை நினைத்து வியர்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு வந்தது, அந்தத் தண்ணீரைவிட என் முகத்துக்குப் பயந்துதான் என்பது எனக்கு மறக்கவில்லை. அதனால் வீட்டில் எதையாவது உடைந்தோ குறைந்தோ கண்டால், யார் என்று கேட்பதற்கு முன் முகத்தை ஒருமுறை சரிசெய்துகொள்கிறேன்.